முதுமை உயிரியல் மாநாடு: மேடையை யாருக்குக் கொடுப்பது?

கேள்வி: தென் மாவட்டக் கல்லூரி ஒன்றில் உயிர்வேதியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். முதுமையின் உயிரியல் பற்றி அடுத்த ஆண்டு ஒரு மாநாடு நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. 150 பேர் வரை எதிர்பார்க்கிறோம். ‘இளமை காக்கும்’ மாத்திரை விற்கும் நிறுவனம் ஒன்று பாதிச் செலவை ஏற்கத் தயார். பதிலுக்குத் தொடக்க உரையை அவர்களுடைய ஆள்தான் நிகழ்த்த வேண்டும் என்கிறார்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணுடன் கட்டுரைத் தொகுப்பு வெளியிட வேண்டும் என்கிறார் முதல்வர். வெளிநாட்டுப் பேச்சாளர் இல்லாமல் எடுபடாது என்கிறார்கள் சக ஆசிரியர்கள். எங்கிருந்து தொடங்குவது?

– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள பேராசிரியருக்கு,

நீங்கள் கேட்டவற்றில் அந்த நிறுவனத்தைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற முடிவுகள் எல்லாம் அதற்கு நீங்கள் சொல்லப்போகும் பதிலைப் பொறுத்தே அமையும். தொடக்க உரையைக் கொடுக்காதீர்கள். அதனால் மாநாடு மூன்று நாளிலிருந்து இரண்டு நாளாகச் சுருங்கினாலும் பரவாயில்லை.

முதுமை ஆய்வில் ஆய்வகத்துக்கும் கடைக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. புழுவிலோ சுண்டெலியிலோ ஒரு முடிவு வந்ததும், மனிதரில் ஒன்றும் நிரூபணமாகாத நிலையிலேயே, அது டப்பாவில் அடைபட்டு விற்பனைக்கு வந்துவிடுகிறது. திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் என்ற பொருள் இன்றும் மாத்திரையாக விற்கிறது. ஆனால் அமெரிக்கத் தேசிய முதுமை நிறுவனத்தின் தலையீட்டுச் சோதனைத் திட்டம் அதை மூன்று ஆய்வகங்களில் ஒரே முறையில் சோதித்தபோது, சுண்டெலிகளின் ஆயுள் கூடவில்லை. உங்கள் பதாகைக்கு முன்னால் அந்த நிறுவனத்தின் ஆள் மைக் பிடித்து நிற்கும் படம் நாளை அவர்கள் விளம்பரத்தில் வந்தால், கல்லூரியின் பெயரே அந்த மாத்திரைக்குச் சான்றாகிவிடும். அப்படி ஒரு படம் வெளியான பிறகு, நல்ல ஆய்வாளர்கள் உங்கள் அடுத்த அழைப்பை ஏற்கத் தயங்குவார்கள்.

பணம் வாங்குவதே தவறு என்று சொல்லவில்லை. எந்த நிறுவனத்திடமும் ஒரே ஒரு பக்கத்தில் நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அரங்குக்கு வெளியே ஒரு ஸ்டால், ஆய்வுச்சுருக்கப் புத்தகத்தின் பின்னட்டையில் சின்னம், நிறைவில் ஒரு நன்றி: அவர்களுக்குக் கிடைப்பது இவ்வளவுதான். பேச்சாளர் தேர்வில் தலையிட முடியாது. குழு பார்க்காத துண்டறிக்கை எதுவும் பைக்குள் போகாது. மாநாட்டின் பெயரையோ படத்தையோ விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது. அவர்களுடைய விஞ்ஞானிக்குச் சொல்ல ஏதாவது இருந்தால், எல்லோரையும் போல ஆய்வுச்சுருக்கம் அனுப்பட்டும். மதிப்பெண் கிடைத்தால் பேசட்டும். இந்தத் தாளைப் பார்த்ததும் மாத்திரைக்காரர்கள் விலகிப் போக வாய்ப்பு அதிகம். நுண்ணோக்கி, பிசிஆர் கருவி, ஆன்டிபாடி விற்கும் விநியோகஸ்தர்கள் ஒத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு வேண்டியது உங்கள் மேடை அல்ல, வந்திருக்கும் ஆய்வகத் தலைவர்களின் அறிமுகம். கூடவே ஒரு விதி: அழைக்கப்பட்டவர் உட்பட எந்தப் பேச்சாளரும் தன் இரண்டாவது ஸ்லைடில் பங்கு, காப்புரிமை, ஆலோசனைக் கட்டணம் இருந்தால் சொல்லிவிட வேண்டும். இல்லை என்றால், ‘இல்லை’ என்று ஒரு வரி.

அடுத்தது பொருள். 2013இல் முதுமைக்கு ஒன்பது அடையாளக் கூறுகள் என்று தொகுத்த ஒரு கட்டுரை வந்தது. 2023இல் அதே ஆசிரியர்கள் அதைப் பன்னிரண்டாக விரித்தார்கள். பல மாநாடுகள் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்து அமர்வுத் தலைப்புகளாக ஒட்டிவிடுகின்றன. குரோமோசோம் முனையான டெலோமியர் ஒரு அமர்வு, மைட்டோகாண்ட்ரியா ஒரு அமர்வு, முதுமையடைந்த செல்கள் ஒரு அமர்வு. இரண்டு நாளில் பன்னிரண்டு தலைப்பை அடைத்தால் எதற்கும் ஒரு மணி நேரம்கூட முழுதாகக் கிடைக்காது; டெலோமியர்காரர் தன் அமர்வு முடிந்ததும் வெளியே போய்விடுவார். தலைப்புக்குப் பதில் ஒரு கேள்வியை வையுங்கள். எடுத்துக்காட்டாக: ‘நடுவயதைக் கடந்தபின் தொடங்கும் தலையீடு (மருந்து, உணவுக் குறைப்பு போன்றவை) பலன் தருமா?’

இந்தக் கேள்விக்குப் பின்னால் உறுதியான வரலாறு இருக்கிறது. மேலே சொன்ன அதே சோதனைத் திட்டத்தில், உணவில் கலந்தால் ராபமைசின் என்ற மருந்து சிதைந்துபோனதால், அதை நுண்பொதிகளில் அடைக்கும் முறையைக் கண்டுபிடிக்கக் காலம் பிடித்தது. அதற்குள் சுண்டெலிகளுக்கு 600 நாள் வயதாகிவிட்டது. அந்த வயதில் தொடங்கியும், 90 விழுக்காடு இறக்கும் வயது பெண் சுண்டெலிகளில் 14 விழுக்காடும் ஆண்களில் 9 விழுக்காடும் கூடியது என்று 2009இல் அறிவித்தார்கள். புழுக்காரர், சுண்டெலிக்காரர், தசை ஆய்வாளர், முதியோர் மருத்துவர் நால்வருமே இந்தக் கேள்விக்குத் தங்கள் தரவோடு பதில் சொல்ல முடியும். ஒருவர் சொல்வதை மற்றவர் உட்கார்ந்து கேட்கவும் காரணம் இருக்கும். முதியோர் மருத்துவரை மறந்துவிடாதீர்கள். சென்னையில் முதியோர் மருத்துவம் 1970களிலிருந்தே தனித்துறையாக வளர்ந்துவந்த ஒன்று. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டிருக்கிறது. கைப்பிடி வலிமையையும் நடை வேகத்தையும் தினமும் அளப்பவர்கள், ‘ஆயுள் கூடியது சரி, நடக்க முடிந்ததா?’ என்று கேட்பார்கள். ஆய்வகத்து ஆட்களுக்கு அந்தக் கேள்வி அவசியம்.

ஒரு அமர்வை விவாதத்துக்கென்றே ஒதுக்குங்கள். கலோரிக் குறைப்புக்கு உட்பட்ட ரீசஸ் குரங்குகளின் கதை அதற்கு நல்ல மாதிரி. விஸ்கான்சின் குழு 2009இல் பலன் உண்டு என்றது. தேசிய முதுமை நிறுவனத்தின் குழு 2012இல் ஆயுள் கூடவில்லை என்றது. பிறகு இரு குழுவும் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2017இல் சேர்ந்தே எழுதினார்கள். தீவனத்தின் சேர்மானம், அதிலிருந்த சர்க்கரை, குறைப்பைத் தொடங்கிய வயது, ஒப்பீட்டுக் குழுவுக்கு எவ்வளவு உணவு கொடுத்தார்கள் என்பதெல்லாம் வேறுபட்டிருந்தன. முரண்பட்ட முடிவுள்ள இருவரை ஒரே மேடையில் ஏற்றி, ஆளுக்கு 15 நிமிடம் கொடுத்து, 30 நிமிடம் அவையிடம் விட்டால், மாணவர்கள் ஆய்வு முறை பற்றி ஒரு பருவப் பாடத்தில் கற்பதைவிட அதிகம் கற்பார்கள். இருவருக்கும் முன்கூட்டியே மற்றவரின் ஸ்லைடுகளைக் கொடுத்துவிட வேண்டும். திடீரென்று மடக்கினால் அது சண்டையாக முடியும்.

இனி ஆய்வுச்சுருக்கங்கள். மாநாட்டின் தரம் இங்கேதான் முடிவாகிறது. உங்கள் உழைப்பில் பெரும்பங்கு இதற்கே போகட்டும். ‘300 சொல்லுக்குள் அனுப்புக’ என்று மட்டும் அறிவித்தால் பாதிக்குப் பாதி படிக்கப் பயனற்றதாக வரும். படிவத்திலேயே கட்டாயப் பெட்டிகள் வையுங்கள்: எந்த உயிரி, எந்த இனவகை, ஆணா பெண்ணா, குழுவுக்கு எத்தனை, எந்த வயதில் தொடங்கியது, எத்தனை முறை திரும்பச் செய்தது, என்ன புள்ளியியல் சோதனை. பெட்டி காலியாக இருந்தால் படிவம் ஏற்கக் கூடாது. பெயரையும் நிறுவனத்தையும் மறைத்து, ஒவ்வொரு சுருக்கத்தையும் மூன்று பேருக்கு அனுப்பி, 1 முதல் 5 வரை மதிப்பெண் வாங்குங்கள். மூவரில் இருவருக்கு இடையே 2 மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் நான்காமவர் பார்க்கட்டும். மதிப்பீட்டாளர் ஒருவருக்கு 20க்கு மேல் கொடுத்தால் கடைசிப் பத்தைச் சரியாகப் படிக்க மாட்டார்.

இந்தத் துறைக்கே உரிய சறுக்கல்கள் சில உண்டு. மதிப்பீட்டாளர்களுக்கு எழுதியே கொடுத்துவிடுங்கள். முதலாவது, ஒப்பீட்டுக் குழு சீக்கிரம் சாவது. ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் சி57பிஎல்/6 இனச் சுண்டெலி நல்ல பராமரிப்பில் ஏறத்தாழ 26 முதல் 30 மாதம் வாழும். ஒரு சுருக்கத்தில் மருந்து கொடுக்காத சுண்டெலிகள் 20 மாதத்தில் செத்திருந்தால், மருந்து முதுமையைத் தடுத்தது என்று சொல்ல முடியாது. கூண்டிலோ தீவனத்திலோ இருந்த ஏதோ ஒரு கேட்டை அது ஈடுசெய்திருக்கலாம். இரண்டாவது, மறைவான பட்டினி. மருந்து கலந்த தீவனம் கசந்தால் எலி குறைவாகத் தின்னும். கலோரிக் குறைப்பே ஆயுளை நீட்டும் என்பது 1930களிலிருந்து தெரிந்த விஷயம். தின்ற அளவும் உடல் எடையும் இல்லாத சுருக்கத்தை வாய்மொழி உரைக்கு எடுக்காதீர்கள். மூன்றாவது, சராசரியை மட்டும் சொல்லி, எந்த வயதில் எத்தனை உயிரோடு மிஞ்சின என்று காட்டும் உயிர்பிழைப்பு வளைகோட்டை மறைப்பது.

நம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து மூலிகைச் சாற்றை சி. எலிகன்ஸ் என்ற சிறு உருளைப்புழுவுக்குக் கொடுத்த ஆய்வுகள் கணிசமாக வரும் என்று எதிர்பாருங்கள். மலிவான, மூன்று வாரத்தில் முடிகிற, மாணவர்கள் கையாளக்கூடிய சோதனை என்பதால் அது இயல்புதான். ஏளனமாகப் பார்க்க ஒன்றுமில்லை. கேட்க வேண்டியதைக் கேளுங்கள். வெப்பநிலை 20 டிகிரியில் நிலையாக இருந்ததா? ஏ.சி. இரவில் நின்று அறை சூடானால் புழு சீக்கிரம் சாகும், கணக்கு குழம்பும். சாற்றைக் கரைத்த டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானை மட்டும் பெற்ற ஒப்பீட்டுக் குழு உண்டா? புழு தின்பது ஈ. கோலை பாக்டீரியாவை, சாறு அந்தப் பாக்டீரியாவைக் கொன்றாலோ வளரவிடாமல் தடுத்தாலோ, புழுவின் ஆயுள் அதனாலேயே மாறலாம். எனவே பாக்டீரியாவைச் சாகடித்த பிறகும் சோதித்துப் பார்த்தார்களா? முட்டை பொரியாமல் தடுக்க எஃப்யுடிஆர் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தார்களா? சில திரிபினங்களில் அதுவே ஆயுளை மாற்றும். தட்டின் சுவரேறிக் காய்ந்த புழுக்களை இறந்தவை என்று எண்ணினார்களா, கணக்கிலிருந்து இடைவிலக்கினார்களா? குழுவுக்கு ஏறத்தாழ 100 புழு, தனித்தனியாக மூன்று முறை: இதற்குக் கீழே இருந்தால் போஸ்டராக வைக்கட்டும். நிராகரிக்கும் கடிதத்தில் இந்தக் கேள்விகளில் எது விடுபட்டது என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அந்த மாணவருக்கு மாநாடு தரக்கூடிய மிகப் பெரிய உதவி அதுவாக இருக்கலாம்.

நிகழ்ச்சி நிரலைக் கணக்காகப் போடுங்கள். அழைப்புரைக்கு 20 நிமிடமும் கேள்விக்கு 10ம். சுருக்கங்களிலிருந்து தேர்ந்த குற்றுரைக்கு (சிறு உரை) 10ம் கேள்விக்கு 5ம். காலை 9 முதல் 11 வரை மூன்று அழைப்புரை, இரண்டு குற்றுரை சரியாக அடங்கும். தேநீருக்கு முழு அரைமணி. 15 நிமிடம் என்று போட்டால் 150 பேரில் பாதிப் பேர் கையில் கப்பே வந்திருக்காது. பிறகு 11.30 முதல் 1 வரை இரண்டு அழைப்புரை, இரண்டு குற்றுரை. மதிய உணவுக்கு ஒன்றரை மணி, மேசை இரண்டு வரிசையாக. நேரம் பிசகுவது பெரும்பாலும் தொடக்க விழாவில்தான். குத்துவிளக்கு, வரவேற்பு, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று போனால் 90 நிமிடம் கரைந்து, முதல் பேச்சாளருக்குப் பசிநேரம்தான் மிஞ்சும். முதல்வரிடம் இப்போதே பேசி, விழாவை 20 நிமிடத்தில் நிறுத்துங்கள். மரியாதை செய்ய வேண்டியவர்கள் பட்டியலை நிறைவு நாள் மாலைக்கு மாற்றினால் யாருக்கும் மனவருத்தம் இருக்காது.

அமர்வுத் தலைவரிடம் இரண்டு அட்டைகள் கொடுங்கள்: 5 நிமிடம் என்று ஒன்று, 1 நிமிடம் என்று ஒன்று. நேரம் முடிந்ததும் அவர் எழுந்து பேச்சாளருக்குப் பக்கத்தில் போய் நின்றாலே போதும். முதல் கேள்வி மாணவரிடமிருந்து என்று எல்லா அமர்விலும் அறிவிக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் முதலில் எழுந்துவிட்டால் அதற்குப் பின் பிள்ளைகள் கை தூக்க மாட்டார்கள். ஸ்லைடுகள் எல்லாம் ஒரே கணினியில், முந்தைய இடைவேளையிலேயே ஏற்றப்பட்டு, ஒருமுறை ஓட்டிப் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். புரொஜெக்டருக்கும் கணினிக்கும் தனி யுபிஎஸ் வையுங்கள். ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் சில நொடியில் புரொஜெக்டர் அணைந்தால், விளக்கு ஆறி மறுபடி எரியச் சில நிமிடம் ஆகும். 10 நிமிடக் குற்றுரையில் அது பெரிய இழப்பு.

போஸ்டர் பலகையை ஷாமியானாக்காரரிடம் விட்டுவிட்டுக் கடைசி நாளில் பார்க்காதீர்கள். ஏ0 தாள் 84 செ.மீ. அகலம், 119 செ.மீ. உயரம். பலகை 1 மீட்டர் அகலம் என்றால் நெடுவாட்டில் அடங்கும். கிடைவாட்டில் அச்சிட்டு வந்தவரின் போஸ்டர் இரு பக்கமும் பத்து செ.மீ. துருத்திப் பக்கத்துப் போஸ்டரை மறைக்கும். அதனால் ஏற்பு மடலிலேயே ‘நெடுவாட்டில் மட்டும்’ என்று தடித்த எழுத்தில் போடுங்கள். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் ஃபிளெக்ஸில் அச்சிடுவார்கள். அது கனம், துணி போர்த்திய பலகையில் இருபக்க டேப் சிறிது நேரத்தில் விட்டுப்போகும், சுருட்டிக் கொண்டுவந்த ஃபிளெக்ஸ் மறுபடி சுருளப் பார்க்கும். குண்டூசியும் அதில் எளிதில் இறங்காது. பலகையின் மேல்விளிம்பில் பெரிய பைண்டர் கிளிப் இரண்டு, கீழே இரண்டு: இதுதான் நிற்கும். வரிசைகளுக்கு நடுவே 2 மீட்டர் விடுங்கள். ஒற்றைப்படை எண்கள் ஒரு நாள், இரட்டைப்படை எண்கள் மறுநாள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி, அந்த நேரத்தில் வேறு எந்த நிகழ்ச்சியும் வேண்டாம். தேநீரைப் போஸ்டர் அரங்குக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தால் கூட்டம் தானாக அங்கே நிற்கும்.

கட்டுரைத் தொகுப்பு பற்றி: முதல்வரிடம் பொறுமையாக விளக்கிச் சொல்லி அதைக் கைவிடச் செய்யுங்கள். மாநாட்டுக்கு வந்து பேசுவதன் பயனே இன்னும் அச்சாகாத தரவைக் காட்டி, குறைகளைக் கேட்டு, திருத்திக்கொண்டு போவது. முழுக் கட்டுரையும் கொடு என்றால் நல்ல ஆய்வாளர் தன் தரவை வேறு இதழுக்கென்று வைத்துக்கொண்டு பழையதைப் பேசுவார். மற்றவர்கள் அவசரத்தில் எதையாவது எழுதித் தருவார்கள். 1931இல் தொடங்கிய கார்டன் ஆய்வு மாநாடுகள் இன்றும் பதிவு செய்யவும் படம் எடுக்கவும் அனுமதிப்பதில்லை. அங்கே கேட்டதை மேற்கோள் காட்டவும் கூடாது. முதுமை உயிரியலுக்கும் அந்த வரிசையில் ஒரு மாநாடு உண்டு. அவ்வளவு கடுமை உங்களுக்கு வேண்டியதில்லை. ‘பேச்சாளர் அனுமதியின்றிப் படம் எடுக்க வேண்டாம்’ என்று முதல் ஸ்லைடில் போட்டு, விரும்புவோர் போஸ்டரில் ஒட்டிக்கொள்ளக் கேமராவில் குறுக்குக்கோடு போட்ட ஸ்டிக்கர் கொடுங்கள். ஆய்வுச்சுருக்கங்கள் மட்டும் அடங்கிய புத்தகம் போதும்; அங்கீகார ஆய்வுக் குழுக்களுக்குக் காட்ட அதுவே ஆவணமாகும்.

பணக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. புரிதலுக்காக ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம்: அரங்கு, பயணம், பலகை போன்ற நிலைச் செலவு 6 லட்சம், உணவு, பை என்று தலைக்கு 3,000, கையில் உறுதியான உதவி 3 லட்சம். கட்டணம் செலுத்துவோர் 120 பேர் என்று நம்பினால் சராசரிக் கட்டணம் 5,500 ரூபாயில் சமன் ஆகும். 90 பேர்தான் வந்தார்கள் என்றால் அதே கட்டணத்தில் 75,000 ரூபாய் துண்டு விழும். அதைக் கட்டப்போவது நீங்கள். ஆகவே வருவார்கள் என்று நினைப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கை வைத்தே கட்டணத்தை நிர்ணயுங்கள். அது மாணவர்களுக்கு அதிகமாகப்படுமானால், பையையும் நினைவுப் பரிசையும் விருந்தையும் வெட்டுங்கள், மாணவர் கட்டணத்தை ஏற்றாதீர்கள். அரசு நிதி முகமைகள் கேட்டதில் ஒரு பகுதியைத்தான் ஒதுக்கும். அதுவும் பல சமயம் பயன்பாட்டுச் சான்றும் தணிக்கை செய்த கணக்கும் கொடுத்த பிறகே கைக்கு வரும். வந்துவிட்டது என்று எண்ணிச் செலவு செய்துவிடாதீர்கள். ஜிஎஸ்டி பொருந்துமா என்பதைக் கல்லூரித் தணிக்கையாளரிடம் கட்டணத்தை அறிவிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். அறிவித்த பிறகு மேலே வரி கேட்டால் பதிவு செய்தவர்கள் கோபப்படுவார்கள்.

தேதிக்கு, வடகிழக்குப் பருவமழை மாதங்களையும் பொங்கலையும் பருவத் தேர்வுகளையும் ஒதுக்கினால் ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும் மிஞ்சும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பேச்சாளர் அழைப்பு பத்து மாதம் முன்பு, சுருக்கங்களுக்கான அறிவிப்பு ஏழு மாதம் முன்பு, கடைசித் தேதி நான்கு மாதம் முன்பு. எப்படியும் நீட்டிக்கச் சொல்லிக் கேட்பார்கள். ஒரு வாரத்தை மனத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் ஒரு நாளும் கூடாது. பத்து அழைப்புரைகளில் குறைந்தது மூன்று, சொந்த ஆய்வகம் தொடங்கிச் சில ஆண்டே ஆன இளையவர்களுக்குப் போகட்டும். புதிய தரவு பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும். ஒரே குருவிடம் பயின்றவர்கள் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

கடைசியாக வெளிநாட்டுப் பேச்சாளர். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய தரவு அவரிடம் இருந்தால் ஒருவரை அழையுங்கள். பதாகையில் ‘சர்வதேச’ என்று போடுவதற்காக மட்டும் வேண்டாம். அழைப்பதென்றால் அவருக்கு மாநாட்டு விசா வேண்டும், சுற்றுலா விசாவில் வந்து உரையாற்றச் சொல்லாதீர்கள். உள்துறை அமைச்சகத்தின் நிகழ்ச்சி அனுமதிக்கும் வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதிக்கும் கல்லூரி சார்பில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். நான்கு மாதமாவது முன்னால் தொடங்குங்கள், பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் எழுத்துப் பிசகாமல் இருக்கட்டும். வெளிநாட்டு நிறுவனம் நன்கொடை தருகிறேன் என்றால், கல்லூரிக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக் கூடாது. விமானச் சீட்டை நீங்களே வாங்கிக் கொடுப்பது, பிறகு திருப்பித் தருகிறோம் என்பதைவிட இரு தரப்புக்கும் எளிது. இரண்டு நாள் முன்னதாக வரச் சொல்லுங்கள். பயணக் களைப்பு தீர ஒரு நாள். மறுநாள் உங்கள் ஆய்வக மாணவர்களோடு அவர் உட்கார்ந்து அவர்களுடைய உயிர்பிழைப்பு வளைகோடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும். அந்த இரண்டு மணி நேரத்தை அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்; வந்த பிறகு கேட்டால் நேரம் இருக்காது.